கேடயன் முகம் காட்டிய சனிக்கிழமை

உயரம் என்றால் எனக்குக் குலை நடுங்கும். நாற்காலியில் ஏறி ஒட்டடை அடிக்கும்போதுகூட யாராவது காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட நான் சிறுவர் தொலைக்காட்சித் தொடரில் சூப்பர் ஹீரோவாக நடித்தேன் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் மாமனார்தான் அன்று சிரிக்கவில்லை.

சூப்பர் ஹீரோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கதாநாயகன் இடிவீரன் வேறொருவர். அவர் பின்னால் தகரக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கேடயன்தான் நான். தலை முதல் தாடை வரை முகமூடி. கேடயன் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசுவான். அந்தக் குரலும் என்னுடையதில்லை, கம்பீரமான தொண்டை உள்ள ஒருவர் பங்சாரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியது. (வியர்வை மட்டும் சொந்தம்.) இந்தப் பிழைப்புக்காக மாதச் சம்பள வேலையை வேறு விட்டிருந்தேன்.

மோகனாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தோம். அவள் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வேலையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மூஞ்சியும் தெரியல, குரலும் உன்னுது இல்ல. அப்ப அங்க நீ என்னதான் செய்யற?"

நான் மோகனாவைப் பார்த்தேன். மோகனா சுவரைப் பார்த்தாள்.

என் நல்ல நேரம், அந்தச் சமயத்தில் கேடயனுக்கென்றே ஒரு வாரக் கதை எழுதினார்கள். இடிவீரனும் மற்றவர்களும் வில்லனிடம் மாட்டிக்கொள்கிறார்கள். கிள்ளானில் ஒரு கடைவீட்டு மொட்டைமாடியில் சிறுமி ஒருத்தி சிக்கியிருக்கிறாள். கேடயன் தனியாகப் போய்க் காப்பாற்ற வேண்டும். முகமூடியைப் பார்த்துப் பயந்து அழும் அவளுக்காக, முதன்முறையாக அதைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறான். பிறகு அவளை மார்போடு கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்குகிறான்.

'கயிறு' என்ற சொல்லும் காதில் விழத்தான் செய்தது. ஆனால் 'முகம்' என்ற சொல் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. மோகனாவின் அப்பாவுக்கு அன்றே போன் போட்டேன்.

"அங்கிள், முகமூடி கழலப் போவுது. ஒளிபரப்புற அன்னிக்குச் சொல்றேன்."

"கழலட்டும். பாத்துட்டுப் பேசுவோம்."

படப்பிடிப்பில் நான் மாடி விளிம்பிலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு நாலடி பின்வாங்கினேன். டைரக்டர் முதுகில் தட்டினார். "கத்தினாலும் பரவால்ல பாஸ், எல்லாம் டப்பிங்ல மாத்திடலாம்லா." நானும் நம்பி, மனதாரக் கத்தினேன். என்னோடு கட்டப்பட்டிருந்த சிறுமி என் காதருகில், "அங்கிள், கண்ண மூடிக்குங்க. கீழ வந்ததும் நான் சொல்றேன்" என்றாள்.

ஒளிபரப்பு சனிக்கிழமை மாலை. என் அப்பாவும் அம்மாவும் கிள்ளானிலிருந்து செந்தூலுக்கு வந்தார்கள். பேச்சு முடிவாகும் முன்பே அம்மா வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பூலத் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். (முகம் தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன என்று எண்ணம்.) தட்டைப் பெண்வீட்டார் வாங்கிக்கொண்டால் சம்மதம், அப்படியே திரும்பினால் கிள்ளான் வரை அவமானம்.

"தட்டு அங்கயே இருக்கட்டும். முதல்ல இதப் பாப்போம்" என்றார் மோகனாவின் அப்பா. தட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. யாரும் முறுக்கைக்கூடத் தொடவில்லை.

இடிவீரன் மாட்டிக்கொண்டார். கேடயன் படியேறினான். சிறுமி அழுதாள். கேடயன் கையை முகமூடிக்குக் கொண்டுபோனான். என் அம்மா சோபாவின் நுனிக்கு வந்தார்.

முகமூடி கழன்றது. திரையில் தெரிந்தது என் பின்மண்டை.

அதற்கப்புறம் சிறுமியின் முகம். அவள் மெல்லச் சிரிக்கிறாள். மறுபடி என் பின்மண்டை. கேடயன் முகமூடியை மாட்டிக்கொண்டுவிட்டான். (அந்த முகம் அவளுக்கு மட்டுந்தானாம், அதுதான் கலையாம். டைரக்டர் பிறகு விளக்கினார்.)

மோகனாவின் அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச வாயைத் திறந்தார். என் அப்பா எழுந்து போகத் தயாராகக் கார்ச் சாவியைத் தடவினார். மோகனாவின் கண் கலங்கியிருந்தது. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் கேடயன் மாடியிலிருந்து இறங்கினான்.

"அம்மாஆஆஆ! அய்யோ, என்ன விட்டுராதீங்கலா!"

கம்பீரமான தொண்டைக்காரரால் அப்படி அலற முடியவில்லை போலிருக்கிறது. என் அலறலை அப்படியே விட்டிருந்தார்கள்.

என் அம்மா துள்ளி எழுந்தார். "ஐயோ! இது என் புள்ள சத்தம்ங்க! டேய், பாத்துடா! யாருடா உன்ன அங்க ஏத்தினது?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். நான் அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அதைக் கவனித்ததும் முதுகில் ஒன்று வைத்தார்.

மோகனாவின் அப்பா டிவியை அணைத்தார்.

"அது நெசமாவே நீதானா?"

"நான்தான் அங்கிள்."

"அவ்ளோ பயமா?"

"ரொம்ப பயம் அங்கிள்."

"அப்புறம் எதுக்கு ஏறின?"

அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது உண்மைதான். "நீங்க மூஞ்சி தெரியலன்னு சொன்னீங்க."

அவர் கொஞ்ச நேரம் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை. பிறகு எழுந்துபோய்த் தட்டை இரண்டு கையாலும் எடுத்து மோகனாவின் அம்மாவிடம் கொடுத்தார். "உள்ள வைமா. பழம் வாடுது."

திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் ஊஞ்சலிலிருந்து குதிக்கும்போது என்னைப் போலவே அலறினார்கள். தொடரிலேயே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் வாரம் அதுதான். கல்யாணத்தன்று மணமேடைப் படியில் காலை வைத்தபோது மாமனார் என் காதில், "பாத்து ஏறுங்க மாப்ள. அம்மாவக் கூப்பிடவா?" என்றார். அன்று சிரித்தார், வேட்டி நெகிழும்வரை.

இப்போது பூச்சோங்கில் குடியிருக்கிறோம். பல்பு மாற்ற நான் ஏணியை எடுத்தால், மோகனா முதலில் கைப்பேசியை எடுத்துக் கிள்ளானில் இருக்கும் என் அம்மாவை அழைக்கிறாள்.

"அத்தே, ஏறப் போறாரு. லைன்லயே இருங்க."