ஆறு கேஸ் புத்தகங்களில் என் பிரசவம்

பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில் எத்தனை பெண்களைத் தொடையில் அறைந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அறைந்தவளுக்கு அதெல்லாம் நினைவில் நிற்காது. அறை வாங்கியவர்களைக் கேட்டால் என்ன கிழமை, எந்தக் கை என்பது வரை சொல்வார்கள்.

இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு நான் சிஸ்டர். நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஆனால் கஞ்சி போட்ட தொப்பியைத் தலையில் குத்திவிட்டால் ஆறடி என்று நினைப்பு. என் வார்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. உப்பளத்திலிருந்து வந்தாலும் சரி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்தாலும் சரி, வக்கீல் வீட்டு மருமகளாக இருந்தாலும் சரி, வலி வந்தால் மூச்சை இழுத்து விட வேண்டும், அவ்வளவுதான். மீறிக் கத்தினால் என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.

"அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்குக் கசக்குதோ? வாய மூடுளா!"

(இது என் சொந்தச் சரக்கு இல்லை. எனக்கு முந்தைய சிஸ்டர் சொன்னது. அவருக்கு அவருடைய முந்தைய சிஸ்டர் விட்டுப்போனது. மருந்து அலமாரிச் சாவியோடு சேர்த்து இதையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.)

கல்யாணமாகி மூன்றாம் வருடம் எனக்குப் பிள்ளை உண்டானது. என் கணவர் தேவராஜ் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். கப்பல் வந்தாலும் பயப்படுவார், வராவிட்டாலும் பயப்படுவார். நான் கர்ப்பம் என்றதும் அவர் மெலியத் தொடங்கினார். எனக்குப் பயமே இல்லை. எத்தனை பிரசவம் பார்த்தவள்! என்னுடையதும் அதில் ஒன்று, அவ்வளவுதானே?

அத்தோடு விட்டிருக்கலாம். என்னிடம் பயிற்சிக்கு இருந்த ஆறு பெண்களையும் வரிசையாக நிறுத்தி நான் ஒரு பிரசங்கம் செய்தேன்.

"என் பிரசவத்துக்கு ஆறு பேரும் வந்து நிக்கணும். கேஸ் புத்தகத்துல எழுதணும். ஒரு பொம்பள சத்தமில்லாம எப்படிப் பிள்ள பெக்கணும்னு நீங்க பாக்க வேண்டாமா?"

"சரி சிஸ்டர்" என்றார்கள் ஒரே குரலில்.

கேஸ் புத்தகம் என்றால், பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருத்தியும் தான் கூட நின்று பார்த்த பிரசவத்தை மணி, நிமிடம் போட்டு முதலிலிருந்து கடைசி வரை எழுதிவைக்கும் நோட்டு. வார்டு சிஸ்டர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும்.

வலி ஒரு காலையில் எடுத்தது. நானே நடந்து போய், என் பெயரை நானே பதிவேட்டில் எழுதி, கட்டிலில் ஏறிப் படுத்தேன். கையில் கடிகாரம். ஆறு பேரும் நோட்டோடு சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு வலி முடிந்ததும் ஒரு பாடம். "என் முகத்தைப் பாத்தீங்களா? சுருங்குச்சா?" "இல்ல சிஸ்டர்." "எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலும் நான் அதே இடத்தில் கிடந்தேன். பாடம் நின்றுபோயிருந்தது. இடுப்பை யாரோ பின்னாலிருந்து கடப்பாரை வைத்து நெம்புகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலுக்கு உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய் வந்து சேர்ந்தாள். மூன்றாவது பிரசவம். வரும்போதே ஊரைக் கூட்டும் கத்தல். எனக்குப் பொறுக்கவில்லை. மல்லாந்து படுத்தபடியே தலையைத் திருப்பி, "ஏளா, வாய மூடு!" என்று அதட்டினேன். அவள் ஒரு கணம் வாயை மூடி, இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். நானும் அவளைப் போலவே காலைத் தூக்கிக் கிடப்பதைப் பார்த்தாள். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கத்தி, கால் மணி நேரத்தில் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கிடந்தேன்.

மத்தியானம் பெரிய டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். "பிள்ளை முகம் மேல பாத்துக் கிடக்கு எஸ்தர். தலை திரும்பணும். பொறுத்துப் பாப்போம்" என்றார்.

வேறொருத்தியிடம் சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அந்த மாதிரிப் பிரசவங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எது நல்லபடி முடிந்தது, எது முடியவில்லை, எந்தக் கட்டிலில், எல்லாம். டாக்டரம்மா குழாயை என் வயிற்றில் வைத்துக் குழந்தையின் நாடித்துடிப்பைக் கேட்கும்போது நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வழக்கத்தைவிட இரண்டு நொடி கூடுதலாகக் கேட்டார். பிள்ளை சோர்கிறது என்பதுதான் அந்த இரண்டு நொடிக்கு அர்த்தம் என்று அந்த ஆறு பேருக்கும் நானே கற்றுக்கொடுத்திருந்தேன். ஒன்றும் தெரியாதவளாக, உப்பு அள்ளுகிறவளாக, நான் ஏன் பிறக்கவில்லை என்று அழுகையாக வந்தது.

அடுத்த வலியில் கத்தினேன். கத்தல் என்று சொல்வது மரியாதைக்காக. துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிறது என்று சமையல்கட்டில் நினைத்தார்களாம். "யம்மா" என்றேன். "கர்த்தாவே" என்றேன். பிறகு கர்த்தருக்குப் பிடிக்காத வார்த்தைகளும் வந்தன. வாத்தியார் வீட்டில் வளர்ந்த எனக்கு அவையெல்லாம் எப்படித் தெரியும் என்று இன்று வரை ஆச்சரியம்தான்.

என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ரோஸ்லின். ஆறு பேரில் கெட்டிக்காரி. நான் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்கிறவள். பாவம், இரண்டு நாளாக நின்ற களைப்பு, நான் போட்ட சத்தத்தில் பதற்றம் வேறு. அவள் வாயிலிருந்து பளிச்சென்று வந்தது.

"அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்குக் கசக்குதோ? வாய மூடுளா!"

என் குரல், என் ஏற்ற இறக்கம், கடைசி 'ளா'வில் நான் கொடுக்கும் அழுத்தம், எதுவும் தப்பவில்லை. ரோஸ்லின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். என் வலிகூட ஒரு நிமிடம் நின்ற மாதிரி இருந்தது. அவளை நான் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? அந்த வாக்கியம் காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். யாரோ என் சேலையை எல்லார் முன்னாலும் உருவிவிட்டது போல இருந்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

டாக்டரம்மா வேறொரு அவசரத்துக்குப் போயிருந்தார். ஆறு பேரும் பின்வாங்கி வழிவிட்டார்கள். (என்னைத் தடுக்கிற தைரியத்தோடு அவர்களை நான் வளர்க்கவில்லை.) முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஆஸ்பத்திரி அங்கி, தலைவிரிகோலம், வெறுங்கால். வராந்தாவில் பார்வையாளர் நேரம். தூக்குவாளியும் பிளாஸ்கும் கையுமாக வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வழியில் ஒரு வலி வந்தது. தூணைக் கட்டிக்கொண்டு அதை முடித்துவிட்டு மேலே நடந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நாசரேத்துக்கு விடுங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். ஆஸ்பத்திரியைப் பார்த்தார். "யம்மா, நீங்க உள்ள போறவியளா, வெளிய வாரவியளா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிளாஸ்கோடு என் கணவர் வந்தார். ரிக்‌ஷாவில் நான்.

"எஸ்தர், எங்கன போற?"

"எங்க அம்மா வீட்டுக்கு."

"பிள்ள?"

"உள்ளதான் இருக்கு. அது வராது. வேணும்னா நீரு போயிப் பெத்துக்கிடும்!"

(மூன்று வருடமாக 'நீங்க' போட்ட வாய் அது.) மனிதர் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, செய்வதறியாமல் ரிக்‌ஷாவின் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். ரிக்‌ஷாக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பின்னால் ஆறு நர்சுகள் நோட்டோடு வந்து நின்றார்கள். நான் அழத் தொடங்கினேன். கோபமெல்லாம் வடிந்து, பயம் மட்டும் மிச்சம் நின்ற அழுகை. பிள்ளை செத்துப்போகும், உள்ளே போனால் அதை நான் பார்க்க வேண்டியிருக்கும், போகாவிட்டால் பார்க்க வேண்டாம். அன்றைக்கு என் படிப்பு அவ்வளவுதான் வேலை செய்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சித்தாய் வந்தாள். காலையில் பெற்றவள், ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். அவளுடைய முந்தைய பிரசவத்துக்கும் நான்தான் சிஸ்டர். என் கை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சிஸ்டர், இறங்குங்க. உள்ள போவோம்" என்றாள். "நீங்க எம்புட்டு வேணும்னாலும் கத்துங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

அவள் முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அதன் பிறகு ஆயுதம் போட்டு, இடுக்கியால் தலையைப் பிடித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். அதை விவரிக்க மாட்டேன். பேச்சித்தாய் என் தலைமாட்டில் நின்றாள். அந்நியரை வெளியே அனுப்புகிற அதிகாரம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அவளைப் போகச் சொல்லவில்லை.

பிள்ளை வெளியே வந்தது. அழவில்லை.

"என்ன நிறம்?" என்று கேட்டேன். "தலையக் கீழ பிடி ரோஸ்லின். சளிய உறிஞ்சு. உள்ளங்கால்ல தட்டு. ஆக்சிஜன் எங்க?" என்று படுத்தபடியே உத்தரவு போட்டேன், ஏதோ பத்தாம் நம்பர் கட்டில்காரியின் பிள்ளை மாதிரி. எல்லாம் செய்தார்கள். தட்டுகிற சத்தம் கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் வரை நம்பலாம், எப்போது கையை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கையை எடுத்தபின் துணியில் சுற்றி, "அழாதளா, அடுத்த வருசம் இன்னொண்ணு பொறக்கும்" என்று சொல்கிறவளும் நான்தான். இதைச் சொல்ல இப்போது யார் வருவார்கள் என்று பார்த்தேன். டாக்டரம்மா முதுகைக் காட்டி நின்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, நனைந்த பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் ஒரு கத்தல். என் கத்தலுக்கு வாரிசு என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

"பொம்பளப் பிள்ள சிஸ்டர்" என்று ரோஸ்லின் அழுதாள். வெளியே என் கணவர் மயங்கி விழுந்தபோது அவருக்குக் காப்பி கொடுத்தது அந்த ரிக்‌ஷாக்காரர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பிளாஸ்க், எங்கள் காப்பி.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பார்கள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், என் மேஜையில் ஆறு கேஸ் புத்தகங்கள் இருந்தன. பரீட்சை நெருங்கிவிட்டது. படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டிய வார்டு சிஸ்டர் நான்.

ஆறையும் படித்தேன். ஒருத்தி, நான் தூணைக் கட்டிக்கொண்ட நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்திருந்தாள். இன்னொருத்தி, "பேஷண்ட் ரிக்‌ஷாவில் ஏறினார், பேஷண்ட் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார்" என்று இரண்டே வரியில் என் கதையை முடித்திருந்தாள். ஒருத்தி பயந்துபோய், "பேஷண்ட் முழு ஒத்துழைப்புத் தந்தார்" என்று எழுதியிருந்தாள். அதை அடித்து, பொய் எழுதக்கூடாது என்று ஓரத்தில் குறித்தேன். ரோஸ்லின் மட்டும் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தாள், கொட்டை எழுத்தில்: "பேஷண்ட் நாட் கோ-ஆப்பரேட்டிவ்." அவள் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியம் மட்டும் ஆறு புத்தகத்திலும் இல்லை. அன்றிலிருந்து வார்டிலும் அது இல்லை. நான் அடியோடு திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். கை ஓங்கும், பாதியில் நிற்கும். அவ்வளவுதான்.

அன்று மாலை, செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தேன். இதையெல்லாம் கணவரிடம் சொன்னேன்.

பிறகு என்ன? எங்கள் வீட்டில் நாற்பது வருடத்துக்கும் மேலாக நான் பேஷண்ட். சினிமாவுக்கு வரமாட்டேன் என்றால், மாத்திரை வேண்டாம் என்றால், சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு இந்தச் சேலைதான் என்று பிடிவாதம் பிடித்தால், அவர் மேலே பார்த்துக்கொண்டு ரோஸ்லின் எழுதிய அந்த வரியைச் சொல்வார். மகளும் சொல்வாள். மருமகனுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். போன மாதம் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு சின்ன வயது டாக்டரிடம் நான் அடம்பிடித்தபோது, என் கணவர் மெல்ல முன்னால் வந்து, "எழுதிக்கிடுங்க டாக்டர், பேஷண்ட் நாட் கோ-ஆப்பரேட்டிவ்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேச வழியில்லை. அன்றைக்கு அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பதே நான்தானே.