என் ஹால், என் கலர்

வீட்டுக்கு பெயிண்ட் அடிப்பதென்று முடிவான அன்றே நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹாலுக்கு சாம்பல் நிறம். மனைவி ஆசைப்படும் மஞ்சள் மட்டும் உயிரே போனாலும் கிடையாது.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். காரில் என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில் அது என் மனைவியின் காலடியில் இருக்கிறது. சோபா, பீரோ, என் சட்டை, என் மீசை எல்லாமே அவள் தேர்வு. இந்த ஒரு சுவராவது என் பேர் சொல்லட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"சாம்பல்னா சாம்பல்தான்," என்றேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எதுக்குங்க வீண் வம்பு? உங்க போன்ல ஒரு கேம் ஏத்தித் தர்றேன். ஒரே கலர் மணி மூணு சேர்ந்தா வெடிக்கும். நான் மாட்டிக்கிட்டிருக்கிற லெவலை நீங்க தாண்டிட்டா, நீங்க சொல்ற கலர்தான். நான் வாயே திறக்க மாட்டேன்."

மணி உடைப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று இளக்காரமாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று மணி சேர்ந்து பட்டென்று உடையும்போது வருகிற சுகம் இருக்கிறதே, முதுகில் கை எட்டாத இடத்தை யாரோ சொறிந்துவிட்ட மாதிரி. பல் விளக்கிக்கொண்டே உடைத்தேன். என்னிடம் ரிவர்ஸ் பழகியவர் கேட்டை இடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. போனில் நான்கு நீலம் சேர்ந்திருந்தது.

"இந்தச் சாம்பல் கல்லு வழியை அடைக்குதே, சனியன்."

"அது அப்படி உடையாதுங்க. மஞ்சளைச் சேருங்க. அஞ்சு மஞ்சள் சேர்ந்தா சூரியன் வரும், கல்லு எல்லாம் காலி."

"மஞ்சள் எங்கடி?"

"மூலையில பாருங்க, மின்னுதே."

"ஆமா. வாடா என் தங்கமே."

எதிரிக்கே வாளைத் தீட்டிக் கொடுக்கிறாளே, அப்பாவி என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரியன் வந்தது. கல்லெல்லாம் தூள் தூள். நான் சோபா மேலேயே ஏறி நின்றுவிட்டேன். சோபாவில் கால் வைத்தும் திட்டு வாங்காத முதல் நாள் அது.

மறுநாள் பெயிண்டர் கலர் அட்டையை நீட்டினார். "சாம்பல்தானே சார்?"

சாம்பலைப் பார்த்தேன். எத்தனை தடவை என் வழியை அடைத்த பாவி. பக்கத்திலேயே மஞ்சள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. விரல் தானாக அதில் போய் நின்றது.

"மஞ்சளா?" என்றாள் மனைவி. "நல்லா யோசிச்சுக்கோங்க. எனக்கென்னவோ சாம்பலே தேவலைன்னு தோணுது."

"வாயே திறக்க மாட்டேன்னு சொன்னே. ஜெயிச்சவன் நான். மஞ்சள்னா மஞ்சள்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் தலை உத்தரத்தில் முட்டியது.

ஹால் தகதகவென்று தயாரானது. நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் பீரோவைத் திறந்து ஜன்னல் திரைகளை எடுத்து வந்து மாட்டினாள். அதே மஞ்சள். அச்சு அசலாக அதே மஞ்சள்.

"இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"உங்க போன்ல கேம் ஏத்தினேன்ல, அதுக்கு முந்தின நாளுங்க."