கேட்டில் ஒட்டிய தாளில் வேப்பனப்பள்ளி காணாமல் போன விவரம்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா கோவிந்தப்பன் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் மாதேஷ் கைகூப்பி எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும் ரேவதி அக்காவும் குழந்தை யுவஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லை. தங்கள் போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், பால் வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நம்ப முடியாமல் நாலு தடவை போட்டுக் கேட்டேன். "தம்பி, ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு நீ வர வேணாமாம். பாப்பாவ வேற யாரு மடியிலயாவது உக்கார வெச்சுக்கறாராம் உங்க மாமா." வேறு யார் மடியா? ஒரே அக்காவுக்கு ஒரே தம்பி நான். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது குழந்தைக்கு இன்னொருத்தர் மடியில் காது குத்தினால் ஊரில் நான் எப்படித் தலை காட்டுவது? பட்டுப்பாவாடை எடுத்தாகிவிட்டது. குழந்தை துள்ளினால் எப்படிப் பிடிப்பது என்று தலையணையை மடியில் வைத்துப் பழகியும் பார்த்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. எந்த ஊரிலிருந்து இன்று எத்தனை லாரி எடுப்போம் என்ற அட்டவணையைக் காலையில் நான் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்க, வாட்ச்மேன் கிருஷ்ணப்பன் அதை கேட்டில் ஒட்டுவார். தோட்டக்காரர்கள் தாளின் மேல் வரிசையில் தங்கள் ஊர்ப்பெயரைத் தேடி விரலை வைத்து, அப்படியே கீழே இறக்கி லாரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போவார்கள். ஊர்ப்பெயர் இல்லையென்றால் அந்த ஊர்ப் பழம் வேண்டாம் என்று அர்த்தம். ஏன் இல்லை என்று உள்ளே வந்து யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் கௌரவம் போய்விடும். இந்த சீசனுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். அதில் ஊர்களையெல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கம், ஊத்தங்கரைப் பக்கம், எல்லைப் பக்கம் என்று சேர்த்துக் கட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் கடுகளவுக்கு ஒரு மைனஸ் குறி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் வந்து, "என்ன மாதேஷ் இது, கூட்ஸ் வண்டியாட்டம் நீளமாப் போவுது? ஹெட் ஆபீஸ்ல பாக்கறாங்க. ஒரே ஸ்கிரீன்ல அடக்குய்யா" என்றார். சரி என்று அந்தக் குறிகளை அமுக்கினேன். மாமா, என் கண்ணெதிரே காவேரிப்பட்டினம் போயிற்று, பர்கூர் போயிற்று, வேப்பனப்பள்ளி போயிற்று. ஊர் இருந்த இடத்தில் 'மொத்தம்' என்று எழுதி வெறும் எண் நிற்கிறது! மாவட்டத்தையே அழித்துவிட்டேன் என்று அலறியதில் டீ கிளாஸ் கீபோர்டில் கவிழ்ந்தது. பக்கத்து சீட் சுகுணாதான் ஓடி வந்தார். "அய்யோ சார், ஒண்ணும் அழியல. பொடவ மடிச்ச மாதிரி உள்ள மடிஞ்சுகிட்டு இருக்குது. குறி இப்ப பிளஸ் ஆயிருச்சு பாருங்க, அத அமுக்குனா விரிஞ்சுக்கும்" என்றார். கிருஷ்ணகிரியை விரித்தேன், ஊத்தங்கரையை விரித்தேன். போன ஊர்கள் திரும்பி வந்த சந்தோஷத்தில், தங்கள் வேப்பனப்பள்ளி இருக்கும் எல்லைப் பக்கத்தை விரிக்க மறந்து பிரிண்ட் கொடுத்துவிட்டேன். நான் செய்தது இவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்து வரிசையில் முதல் லாரி தங்களுடையது. மச்சான் உள்ளே இருக்கிறான், நமக்கென்ன குறை என்று சொல்லி ஊர் லாரியையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தங்கள் விரல் தாளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்ததாம். பின்னால் யாரோ சிரித்தார்களாம். கிருஷ்ணப்பன் வந்து சொன்னார்: "உங்க மாமா தெலுங்குல திட்டுனாரு சார். பாதி புரிஞ்சுது. மீதி புரியாததே நல்லதாப் போச்சு." தாங்கள் லாரியை ஆந்திரா பக்கத்து ஃபேக்டரிக்குத் திருப்ப, ஊர் லாரிகள் அத்தனையும் பின்னாலேயே போய்விட்டன. நான் கேட்டுக்கு ஓடி வந்தபோது புழுதிதான் இருந்தது.

போன மாதம் தங்கள் ஊர்த் திருவிழாப் பந்தியில் எனக்குக் கறி வைக்காமல் ரசத்தை ஊற்றிவிட்டார்கள், அந்த வஞ்சத்தில்தான் ஊரையே தூக்கிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்களாமே! கேட்டதும் ஆடிப்போய்விட்டேன். அதை நான் அன்றைக்கே மறந்தாயிற்று. பரிமாறியது யார் என்றுகூட நினைவில்லை. நீலச் சட்டை போட்டிருந்தார், இடது கையில் வாட்ச்.

அந்த மைனஸ் குறியை இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன். இன்று காலை ஒரு பக்கம் விடாமல் விரித்து, ஒவ்வொரு ஊருக்குள்ளும் பழத்தின் தரம், எடை, வண்டி நம்பர் வரை திறந்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுத்தேன். வேப்பனப்பள்ளி ஸ்கிரீனில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு வந்து தைரியமாக விரலை வையுங்கள் மாமா. மடி விஷயத்தில் மட்டும் மனம் இறங்குங்கள். இதைவிட எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பு. யுவஸ்ரீயின் காதுகளுக்குத் தனித்தனியாக முத்தம். தங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. விளைச்சல் ஏறி கோபம் இறங்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் காலடி மைத்துனன்,
மாதேஷ்

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போடும்போது சுகுணா ஒரு தாளோடு வந்து நிற்கிறார். "சார், எல்லாத்தையும் விரிச்சு வுட்டீங்கல்ல, அகலம் பத்தாம பிரிண்ட் ரெண்டு தாளா வந்திருக்குது. கிருஷ்ணப்பன் மொதத் தாள மட்டும் ஒட்டிட்டாரு. இது மிஷின்லயே கெடந்துச்சு." வாங்கிப் பார்த்தால், எல்லைப் பக்கம் முழுவதும் இந்தத் தாளில்தான் இருக்கிறது. வேப்பனப்பள்ளி உட்பட. கேட்டைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினேன். மாமா, கேட்டில் தாங்கள் நிற்கிறீர்கள்! பக்கத்தில் அக்கா, அக்கா இடுப்பில் யுவஸ்ரீ, தங்கள் கையில் வெற்றிலைத் தட்டு, தட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகை. அக்கா பேசி மனதை மாற்றிவிட்டார் போல, என்னை அழைக்க வந்துவிட்டீர்கள்! ஐயோ, அந்தத் தாள் பக்கம் ஏன் போகிறீர்கள்? விரலை வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறது. பத்திரிகையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறீர்கள். அக்காவை வண்டியில் ஏறச் சொல்கிறீர்கள். மாமா, வண்டியை எடுக்காதீர்கள், இரண்டாவது தாளோடு ஓடி வந்துகொண்டே இருக்கிறேன்.