ஸ்பீக்கர் அக்கா அழுத நாள்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஸ்பீக்கர் அக்காவைப் போல மெதுவாகப் பேசவே தெரியாத சமூகப் பணியாளர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். யார் ரகசியத்தையும் அவர் வெளியே சொன்னதில்லை. ஆனால் அவர் கிசுகிசுத்தால் மோனோரயிலில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சேவை மையம். அக்காவும் நானும் ஒரே அறை. பல வருடம் கையுறைத் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர், வேலையோடு வேலையாகப் படித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். குரல் மட்டும் மெஷினோடு இன்னும் போட்டிபோட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஒரு பெண் தன் கணவனைப் பற்றிச் சொல்லக் கூனிக்குறுகி வந்திருந்தார். அக்கா அன்போடுதான் கேட்டார்.

"எத்தன நாளா வீட்டுக்கு வரலம்மா?"

கீழே கல்லாவிலிருந்து பதில் வந்தது. "அக்கா, நேத்து மத்தியானம் இங்கதான் மீன் தலைக்கறி சாப்பிட்டாரு!"

அந்தப் பெண் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அதற்குப் பிறகு ஆலோசனையெல்லாம் பின்கட்டு ஸ்டோர் ரூமில்தான் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவரோடுதான் கிள்ளானில் ஒரு பிளாட்டுக்குப் போனேன். பெருமாள் அங்கிள், ஓய்வுபெற்ற லோரி டிரைவர். மனைவி இறந்தபின் கதவைப் பூட்டிக்கொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பாத்திமா மக்சிக் கொண்டுவந்த சோறும் வாசலிலேயே காய்ந்தது. பயந்துபோய் அவர்தான் எங்களுக்குப் போன் செய்தார்.

லிஃப்ட் ரோசாக், பழுது. மூச்சு வாங்க ஏறிப்போய், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இதமான குரலில் நான் ஆரம்பித்தேன். "அங்கிள், உங்க மனசுல இருக்கிற பாரத்த நாங்க புரிஞ்சிக்கிறோம்..."

கதவு திறக்கவில்லை.

அக்கா என்னை நகர்த்திவிட்டுக் கிரில்லைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள்! சாப்டீங்களா?"

"சாப்டாச்சு அக்கா!" என்றது மேல்மாடியிலிருந்து ஏதோ ஒரு குரல்.

அக்கா விடவில்லை. லிஃப்டைத் திட்டினார். தன் முட்டிவலியைச் சொன்னார். மக்சிக் வீட்டு மிளகாய்ச் சம்பால் வாசனை தன்னை என்ன பாடு படுத்துகிறது என்று விவரித்தார். கடைசியில் கதவு விரலளவு திறந்தது.

"ஏம்மா, ஊருக்கே கேக்கணுமா?"

"நீங்க தொறந்தா ஏன் லா கத்தப் போறேன்?"

அவர் கிரில்லைத் திறந்தார். உள்ளே இருட்டு. விசிறிகூடச் சுற்றவில்லை. நாற்காலி ஒன்றின் மேல் மடித்த புடவை ஒன்று கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். புடவையைப் பார்த்தபடி அங்கிளே பேசினார்.

"அவ நாளெல்லாம் பேசிக்கிட்டே இருப்பாம்மா. அன்னிக்குக் காலைல கொஞ்சம் சும்மா இரேன்னு சொன்னேன். பசார் போய்ட்டுத் திரும்பி வரதுக்குள்ள... சும்மா ஆயிட்டா."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஆறுதல் வார்த்தையை நான் தேடினேன். அக்கா தேடவில்லை. அழுதார். எப்படிப் பேசுவாரோ அப்படியே அழுதார்.

வந்த இடத்தில் நாமே உடைந்துவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அதற்குள் அந்த மாடியே வாசலில் கூடிவிட்டது. கதவை உடைக்கக் கடப்பாரையோடு கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் வந்திருந்தார். மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்த மக்சிக், பக்சிக், அதாவது அங்கிள், போய்விட்டாரா என்று மலாயில் பதறினார்.

"பெலும் லா," என்றார் பெருமாள் அங்கிள். இன்னும் இல்லையாம்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் தடுமாறி எழுந்து, "அழாதம்மா, அழாத" என்று அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகுதான் வாசல் நிறைய ஆட்கள் நிற்பதைக் கவனித்தார். நாற்காலியில் இருந்த புடவையை இரண்டு கையாலும் எடுத்து உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார்.

"உக்காருங்க மக்சிக்," என்றார்.

அன்று மக்சிக் சமைத்ததை அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். அவரும் ஒரு கைப்பிடி சாப்பிட்டார்.

மறுநாள் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, "இது புரொபஷனலா இல்ல" என்றார். "வாஸ்தவம்தான் பாஸ்" என்றார் அக்கா. அது தெருமுனை வரைக்கும் கேட்டது.

பெருமாள் அங்கிள் இப்போது வாரம் ஒருமுறை எங்கள் மையத்து வேனை ஓட்டுகிறார். உணவுப் பொட்டலம் கொண்டுபோகிற வேன். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் சவரம் செய்துகொண்டு வருகிறார்.

படியேறி வர முட்டி ஒத்துக்கொள்ளாததால், போன வருடம் அக்கா கிள்ளானில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தேடிக்கொண்டார். அவர் இருந்தபோது போனில் பேச நான் வெளி வராந்தாவுக்கு ஓடுவேன். இப்போது அறையிலேயே நிம்மதியாகப் பேசலாம். பேசி முடித்ததும், எதிரே அக்கா உட்கார்ந்திருந்த மேசையைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.