சீர்ப் பாத்திரத்தில் ஒரு ஹாரன்

கையில் ஒரு டெஸ்டரும் கைப்பேசியில் ஒரு வீடியோவும் கிடைத்துவிட்டால், பாதி ஆண்களுக்குத் தாங்கள் எலக்ட்ரீஷியன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அதற்கான தண்டனையை என்னைவிட அதிகமாக அனுபவித்தவை என் மாமனாரின் கோழிகள்.

நான் அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருக்கிறேன். ஒரு நூல் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. (வண்டிகளுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு டீசல் போடுவதுதான்.) நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். சேறு, மணல், ஏரி எதுவானாலும் ஏறி இறங்கும் என்று விற்றவர் சொன்னார். மனைவி கவிதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலைக் காட்டுப்பாதையில் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றவர் மாமனார். வெண்ணந்தூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஜீப்பை முதன்முதலில் காட்டியபோது ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, லைட்டப் போட்டா ஹாரன் மொனகுது. ஹாரன் அடிச்சா லைட்டு அணையுது. இதுல எம்புள்ளைய மலைக்கு ஏத்தறதுங்களா? மொதல்ல ஒயரிங்கச் சரி பண்ணிக் கொண்டாங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஒயரிங் கடையில் விட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் நான் வீடியோ பார்த்திருந்தேனே! எல்லாவற்றுக்கும் தீர்வு ரிலே என்று அதில் சொன்னார்கள். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டை. சின்ன சுவிட்சின் பேச்சைக் கேட்டு, பேட்டரியிலிருந்து பெரிய கரண்டை நேராக விளக்குக்கோ ஹாரனுக்கோ அனுப்பும். அப்படி நாலைந்து ரிலேக்களை ஒரு பெட்டிக்குள் அடுக்கி, தண்ணீரும் சேறும் புகாமல் மூடிவிட்டால் ஆற்றுக்குள்ளேயே வண்டியை இறக்கலாம்.

எல்லாரும் பிளாஸ்டிக் பெட்டி வைப்பார்கள். எனக்கு அது அற்பமாகத் தெரிந்தது. சமையலறைப் பரணில் கைவிட்டுத் துழாவியபோது, மூடி கச்சிதமாகப் பொருந்தும் ஓர் எவர்சில்வர் டப்பா கிடைத்தது. துருப் பிடிக்காது, உடையாது, பளபளப்புக்கும் குறைவில்லை. அதில் துளைகள் போட்டு ஒயர்களை நுழைத்து, மூடியைச் சுற்றிப் பசை அப்பி இறுக்கி, டேஷ்போர்டுக்குக் கீழே போல்ட் போட்டு மாட்டினேன். ஒயர் அறுபடாமலிருக்கத் துளைகளுக்கு ரப்பர் வளையம் போடச் சொல்லியிருந்தார்களாம். அந்த இடத்தில் நான் வீடியோவைத் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தேன். கூடவே நாமக்கல்லில் வாங்கிய ஒரு லாரி ஹாரனையும் சேர்த்தேன். (ஜீப்புக்கு எதற்கு லாரி ஹாரன் என்று இன்றுவரை பலர் கேட்டுவிட்டார்கள்.)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் ஜீப்பில் ஹாரன் பட்டனுக்குப் போகும் ஒயர், வண்டியின் உடம்பில் எங்கே பட்டாலும் ஹாரன் அடிக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஒயரை வண்டியின் உடம்போடு போல்ட் போட்ட அந்த எவர்சில்வர் டப்பாவுக்குள், கத்தி போல விளிம்புள்ள ஓட்டை வழியாக நுழைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கவிதாவோடு வெண்ணந்தூருக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் விளக்கு பிரமாதமாக எரிந்தது. ஹாரன் அடித்தால் முன்னால் போன டவுன் பஸ்ஸே ஒதுங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோழிப்பண்ணைக்காரர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும், ஷெட்டுப் பக்கம் தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டும். கோழி மிரண்டால் முட்டை குறையும். தீபாவளிக்குக்கூட மாமனார் வீட்டில் மத்தாப்போடு சரி. அதனால் நான் மிகவும் பொறுப்பாகவே நடந்துகொண்டேன். பண்ணைத் தடத்தில் சத்தமே இல்லாமல் உருட்டிப் போய், மாமனாரை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து அங்கே அடித்துக் காட்டுவதாகத் திட்டம்.

முதல் ஷெட்டை ஒட்டி வாய்க்கால் குழாய் புதைத்த ஒரு மேடு. ஜீப் அதன்மேல் ஏறித் தொப்பென்று இறங்கியது. ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

நான் பட்டனைத் தொடவில்லை. பிறகு தொட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். என்ஜின் நின்றது, ஹாரன் நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்த என் சாமர்த்தியம் அது. பேட்டரி இருந்ததோ சீட்டுக்கு அடியில், சீட்டைக் கழற்றும் ஸ்பேனர் இருந்ததோ அயோத்தியாப்பட்டணத்தில்.

ஷெட்டுக்குள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் அலறின. கூண்டுகளில் றெக்கை அடிக்கும் சத்தம் மழை கொட்டுவது போலக் கேட்டது. மாமனார் கையில் தீவனச் சட்டியோடு ஓடிவந்தார்.

"அணைங்க மாப்ள! அணைச்சுத் தொலைங்க! எறங்குங்க! இல்லீங்க, எறங்காதீங்க, போங்க! கண்காணாத எடத்துக்குப் போயிருங்க!"

(கோபத்திலும் 'ங்க' குறையாத ஊர் அது. அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அதற்கு முன் விரட்டியதில்லை.)

"ஏரிக்கு ஓட்டுங்க!" என்று கவிதா கத்தினாள். வற்றிக் கிடந்த ஏரி ஊருக்கு அந்தப் பக்கம். அங்கே போக வேண்டுமானால் ஊருக்கு நடுவே போகவேண்டும்.

போனேன். நிற்காத ஹாரனோடு ஒரு வண்டி வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? டீக்கடை பெஞ்சே எழுந்து நின்றது. இரண்டு பைக்குக்காரர்கள் எங்களுக்கு முன்னால் பாய்ந்து, "வழி உடுங்க, ஆஸ்பத்திரிக் கேசுங்க!" என்று கூவிக்கொண்டே போனார்கள். கூட்டுரோட்டில் ஒருவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "பேசண்டு எங்கீங்க?" என்று பதறினார்.

"ஓட்டறவருதானுங்க!" என்றாள் கவிதா.

ஏரிக்குள் இறங்கியதும் கவிதா ஜாக்கி ராடை எடுத்து டப்பா மூடியின் இடுக்கில் கொடுத்து நெம்பினாள். நான் அத்தனை பெருமையாக அப்பிய பசை பிய்ந்து வந்தது. உள்ளே கைக்குக் கிடைத்த ஒயர்களையெல்லாம் கொத்தாகப் பிடுங்கினாள். ஹாரன் நின்றது. அந்த அமைதியில் என் காது மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

கவிதா கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அதில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அவளுடைய அப்பா பேர், ஊர், கீழே 'மகள் கவிதாவுக்கு' என்று. கல்யாணச் சீரில் வந்த டப்பா.

"இதையத்தான் எதுத்த ஊட்டு அக்காகிட்டக் கேட்டேன்," என்றாள். "இதுல கொழம்பு குடுத்துட்டுத் திருப்பி வாங்கலையோன்னு நெனச்சு மூணு தடவ கேட்டேன். அவங்க எங்கூடப் பேசறதே இல்லீங்க இப்ப." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஹாரனுக்குக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை.

அதற்குள் மாமனார் மொபெட்டில் வந்து சேர்ந்தார். ஓட்டை ஓட்டையாகக் கிடந்த டப்பாவை வாங்கினார், பேரைப் படித்தார். அவர் வயிறு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம்பேரு போட்ட பாத்தரம் எங்கோழிக்கே ஊதுதுங்களே, மாப்ள!"

கோழி எதுவும் சாகவில்லை. ஆனால் அந்த வாரம் முட்டை குறைந்தது. வந்ததிலும் பாதி, ஓடில்லாத தோல் முட்டை. நான் எதிர் வீட்டு அக்காவிடம் போய் டப்பாவைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தெருவே வெளியே வந்தது. அன்று சாயங்காலமே கவிதாவுக்கு அங்கிருந்து குழம்பு வந்துவிட்டது.

அடுத்த தீபாவளிச் சீரில் துணிமணியோடு எனக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. சூட்டுக்கம்பியால் அதில் பேர் பொறித்திருந்தார்கள்: 'மாப்பிள்ளை ஒயருக்கு மட்டும்.' அதற்குள்தான் இன்று ரிலேக்கள் இருக்கின்றன, ரப்பர் வளையத்தோடு. கொல்லிமலைக்கும் போய்வந்தோம். கவிதா முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஜாக்கி ராடை வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போதும் வெயிலாலோ தீவனத்தாலோ பண்ணையில் முட்டை குறைந்தால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. போன வாரமும் வந்தது.

"மாப்ள, நேத்து எங்கீங்க இருந்தீங்க?"

"சேலத்துலதான் மாமா, ஆபீஸ்ல."

"செரீங்க. சாட்சி யாராச்சு இருக்கறாங்களா?"