மாப்பிள்ளை வந்தார், தாலி வரவில்லை

என் கல்யாணத்துக்கு நான் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மாமனார் வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வள்ளத்துக்கு நான் ஒரு அவுட்போர்ட் மோட்டார் வாங்கியிருந்தேன். மற்றவர்களெல்லாம் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. (தலை கால் புரியாமல் ஆடினேன் என்று அக்கா சொல்வாள். ஆடினேன்தான்.) பெண் மணமேல்குடிப் பக்கம். "பஸ்ல வந்துருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் எவ்வளவோ சொன்னார். "மோட்டார் இருக்கையில பஸ் எதுக்கு மாமா? ஒரு மணி நேரத்துல மொத்தப் பேரையும் கொண்டாந்து எறக்குறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான்.

மோட்டார் விற்ற நாகப்பட்டினத்து மெக்கானிக் இரண்டு காத்தாடி கொடுத்திருந்தார். தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளுகிற இரும்பு இறக்கைகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒன்றில் இறக்கைகள் அதிகம் முறுக்கியிருக்கும், இன்னொன்றில் குறைவு.

"ஆளும் பாரமும் ஏத்துனா முறுக்கு கம்மியா இருக்கிறதப் போடுங்க தம்பி. மெதுவாப் போகும், ஆனா இழுக்கும். தனியாப் போனா மத்தது. பாரத்தோட அதப் போட்டீங்கன்னா, மேட்டுல டாப் கியர் போட்ட பஸ்ஸு கதிதான்."

"மெதுவா" என்ற சொல்லைக் கேட்டதுமே என் காது அடைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் முறுக்குக் காத்தாடியை மாட்டித் தனியாக ஓட்டிப் பார்த்தேன். வள்ளம் பறந்தது. மற்றதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

விடிந்ததும் பதினெட்டுப் பேர் ஏறினார்கள். அவர்களோடு சீர்த்தட்டுகள், வாழைத்தார் மூன்று, பித்தளை அண்டா ஒன்று. மாலையும் பட்டு வேட்டியுமாக நான் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். மோட்டார் உறுமியது, முனகியது, புகையைக் கக்கியது. வள்ளம் மட்டும் நகர மனமில்லாமல் நகர்ந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எங்களை வழியனுப்ப வந்தவர்கள் இன்னும் கை காட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மோட்டாரை நம்பாத பெரியப்பா தனியாகப் பாய் வள்ளத்தில் வந்தார். கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ள, எங்களைத் தாண்டும்போது கேட்டார்: "ஏண்டா, போற வழியில மீனும் புடிச்சிட்டுப் போறீகளா?"

"காத்தாடிய மாத்தணும் ஆத்தா. ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு..." என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

ஆத்தா பாய்ந்தாள். "மாலையப் போட்டுக் கெளம்புன மாப்பிள்ள திரும்பப்படாது! கட்டையப் புடிச்சு நீந்தியாவது போ!"

திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. மணி எட்டரை. மாமனாரிடம் வாக்கு வேறு கொடுத்திருந்தேன். போயே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காத்தாடியை மாற்ற முடியாது, பாரத்தை மாற்றலாமே! எங்கள் கடலில் கரையோரம் வெகுதூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். வள்ளத்தைக் கரைப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன்.

"எல்லாரும் எறங்குங்க. கரையேறி வண்டி புடிச்சு வந்துருங்க."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். (அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.) பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின. அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சித்தப்பா நடந்தார். நான் கயிற்றை இழுத்தேன். அப்பாடா, பறந்தது! பெரியப்பாவை முந்தும்போது எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டேன்.

ஒன்பதேகாலுக்கு மேளம் கொட்ட இறங்கினேன். மாமனார் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை, அப்பா அம்மா?"

"நடந்து வாராங்க மாமா."

"சரி, வரட்டும். தாலி?"

மேளம் நின்றுவிட்டது. தாலி அக்காவின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. அக்கா கடலில் இருந்தாள்.

"நான் போயி ஒரு நொடியில..." என்று வள்ளத்தின் பக்கம் திரும்பினேன். நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாலையோடு வந்த மாப்பிள்ளை திரும்பக் கூடாது என்பது அந்த ஊரிலும் சட்டமாம். மணவறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தேன். எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள, பிறகு வந்து சேர்ந்த பெரியப்பா மட்டும்தான். அவரும் பெண் வீட்டாரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் செத்தேன். மணி பத்தைத் தாண்டியது.

பத்து இருபதுக்கு ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அக்கா குதித்து ஓடிவந்தாள். இடுப்பு வரை சேறு, தலையில் கடற்பாசி. சுருக்குப்பையிலிருந்து எடுத்த தாலியில் தண்ணீர் சொட்டியது. முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் போடும்போது அக்கா என் முதுகில் ஓங்கிக் குத்தினாள். அதை ஆசீர்வாதம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த முறுக்குக் காத்தாடியை என் மனைவி மறுவாரமே கழற்ற வைத்தாள். இன்றைக்கும் அது எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. போன தையில் பேரனுக்குக் கல்யாணம். வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது, மாலையோடு அவன் முன் சீட்டில் ஏறப் போனான். என் மனைவி குறுக்கே கையை நீட்டிவிட்டாள்.

"எறங்குடா. மொதல்ல தாலி ஏறட்டும், பெறகு சனம் ஏறட்டும். எடம் இருந்தா மாப்பிள்ளை ஏறட்டும்."