மிளகுக்கொடி இல்லாத மரம்

சலுகையில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, ஒரு காலை முழுக்க உலகத்திலேயே கறாரான உளவியல் நிபுணராக இருந்திருக்கிறேன். (நிபுணர் என்ன நிபுணர், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி!)

குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் அந்தச் சென்னை மையத்தில் எல்லோரும் நகரத்துக்காரர்கள். அதை மாற்றத்தான் மலைவாழ் மாணவர்களுக்கென்று ஓர் இன்டர்ன்ஷிப் தொடங்கினார்கள். முதல் ஆள் நான். முதல் வேலையும் எங்கள் கொல்லிமலையிலேயே, வாசலூர்பட்டியில். இரண்டாம் வகுப்பு கௌசல்யாவுக்குப் படிப்பு ஏறவில்லையாம். மதிப்பெண் குறைந்தால் மந்தம் என்று எழுதி, அடிவாரத்துச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் அவள் அம்மா நகம் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் எங்கள் மேடம்.

மரப் படத்தைக் காட்டினேன். "இதுல என்ன இல்லை, சொல்லு?"

"மொளவுக்கொடி இல்லீங்க."

புத்தகத்தில் இருந்த விடை, 'ஒரு கிளையில் இலை இல்லை'. (எங்கள் மலையில் மரம் என்றால் அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும்.) பூஜ்ஜியம் போட்டேன். அடுத்தது துடுப்பில்லாத படகு.

"ஆருமே அந்த ஆரஞ்சுச் சட்டை போடலீங்க."

(எங்கள் ஏரியில் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரையும் ஏற்ற மாட்டார்கள். ஓடுவதோ மிதிபடகு. துடுப்பை அவள் எங்கே கண்டாள்?) எல்லாம் தெரிந்தும் இன்னொரு பூஜ்ஜியம், அதுவும் அழகாகச் சுழித்து.

மேடம் எட்டிப் பார்த்தார். "நீயும் இந்த ஊர்தானே? இந்த மரத்தைப் பார்த்ததும் உனக்கு என்ன தோணிச்சு?"

காதெல்லாம் சூடாகிவிட்டது. "மிளகுக்கொடிதான், மேடம்."

கௌசல்யாவின் அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப உனக்கும் மந்தமா கண்ணு? பாவம், எப்படித்தான் இத்தன படிச்சியோ!"

மேடம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அன்று ஃபெயில் ஆனது அந்தப் படங்கள்தான். பிறகு கண்ணைச் சோதித்தோம். கௌசல்யாவுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, அவ்வளவே; கண்ணாடி போட்டதும் படித்துவிட்டாள். மலைப்பிள்ளைகளுக்கான புதுப் படங்களை வரையும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் செய்தேன். இப்போது அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் பார்க்காமல் எங்கள் மையத்தில் எந்தப் படமும் சோதனைக்குப் போவதில்லை.

கௌசல்யாவின் அம்மா சும்மா இருந்தாரா? சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் நின்ற என் அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார்.

போன மாதம் முனைவர் பட்டம் கிடைத்தது. ஓடிப்போய் முதலில் அம்மாவுக்குத்தான் போன் போட்டேன்.

"நல்லதுங் கண்ணு," என்றார் அம்மா. "அப்ப அந்த மந்தம் கொறஞ்சுருச்சா?"